வெறும் கணனிக்கு உறைமோர்

சென்ற மாதம் வாலிபர் கூடுகை முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நம் சபைத் தம்பி ஒருவன் பழைய மடிக்கணனி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணா, இது அக்கான்ர. விண்டோஸ் 11 இதில ஏறாதாம். அப்பா எறியச் சொல்லுறார். லினக்ஸ் போட்டுப் பாவிக்கலாமோ?"

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் வசதிகள் இல்லாத கணனிகள் இப்படித்தான் பல வீடுகளில் மூலைக்குப் போகின்றன. "தாராளமாகப் போடலாம், ஒரு யூஎஸ்பி கொண்டுவா" என்றேன்.

"யூஎஸ்பி ஓட்டை இரண்டும் பழுது அண்ணா. சிடி போடுற இடமும் இல்லை."

"அப்ப வன்தட்டில வைச்சே போடுவம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "போடப்போறதே வன்தட்டிலதானே? அதில இருந்தே அதுக்குள்ள எப்பிடிப் போடுறது?"

நல்ல கேள்வி. லினக்ஸின் வயதளவு பழைய கேள்வியும்கூட. அன்று நேரமில்லாததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை எல்லோருமே வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் உறை

அம்மா தயிர் தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி உறைமோர் விடுவார். அந்த உறைமோர் எங்கிருந்து வந்தது? நேற்றைய தயிரிலிருந்து. நேற்றையது? முந்தாநாள் தயிரிலிருந்து. வீட்டில் தயிர் அடியோடு முடிந்துவிட்டால் பக்கத்து வீட்டில்தான் வாங்க வேண்டும்.

கணனியும் அப்படித்தான். வன்தட்டில் ஒரு இயங்குதளத்தை எழுத வேண்டுமானால், எழுதும் வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒரு சிறு இயங்குதளமாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெறும் கணனிக்கு எதையும் எழுதத் தெரியாது. ஆகவே லினக்ஸ் நிறுவலின் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியின் வரலாறுதான்: முதல் உறையை எங்கிருந்து எடுப்பது?

லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் 1991 ஜனவரியில் 386 வகைக் கணனி ஒன்றை வாங்கினார். அதில் அவர் போட்டது மினிக்ஸ். அது அன்ட்ரூ டனன்பாம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக எழுதிய சிறிய இயங்குதளம். அந்த மினிக்ஸில் இருந்துகொண்டுதான் டோர்வால்ட்ஸ் தன்னுடைய இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். 1991 ஓகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பாவனையாளர் குழுவுக்கு அதைப் பற்றி அறிவித்தார். செப்டெம்பரில் 0.01 பதிப்பு பின்லாந்தின் ஒரு கோப்புச் சேவையகத்தில் ஏற்றப்பட்டது. அவர் அதற்கு நினைத்திருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. சேவையகத்தைப் பராமரித்த ஆரி லெம்கே அந்தக் கோப்புறைக்கு 'லினக்ஸ்' என்று பெயரிட்டார். அதுவே நிலைத்தது.

அந்த முதல் பதிப்பு தனியாக நிற்காது. அதைத் தொகுத்து ஓடவைக்க மினிக்ஸ் இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டு உறைமோர்!

பிறகு ஒரு விபத்து நடந்தது. தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணனியுடன் தொடர்புகொள்ள முயன்ற டோர்வால்ட்ஸ், மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையைத் தவறுதலாகத் தன் வன்தட்டுக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதியின் முக்கியமான இடங்கள் அழிந்துபோயின. மினிக்ஸை மறுபடி போடுவதா, அல்லது தான் எழுதியதை மட்டும் நம்பி வாழ்வதா என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதைத் தெரிந்துகொண்டார். லினக்ஸ் இனித் தன் உறையைத் தானே வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது.

இரண்டு நெகிழ்வட்டுகள்

அவருக்குச் சரி. மற்றவர்களுக்கு? மினிக்ஸ் இல்லாத ஒருவர் லினக்ஸை எப்படிப் போடுவார்?

எச். ஜே. லூ என்பவர் அதற்கு வழி செய்தார். ஒன்று துவக்க வட்டு, மற்றது மூல வட்டு என்று இரண்டு நெகிழ்வட்டுகளுக்கான படிமங்களைத் தயாரித்து வெளியிட்டார். முதல் வட்டில் கேர்னல் என்று சொல்லப்படும் மையநிரல் இருந்தது. இரண்டாவதில் அத்தியாவசியமான கட்டளைகள் இருந்தன. முதலாவதைப் போட்டுக் கணனியைத் தொடங்கி, கேட்கும்போது இரண்டாவதை மாற்றினால் லினக்ஸ் ஓடும். ஆனால் அதை வன்தட்டிலிருந்தே தொடங்க வைப்பது பெரும்பாடு. வட்டின் முதல் துண்டைக் கையால் எண் எண்ணாகத் திருத்த வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைப் போக்கியது லிலோ. வேர்னர் அல்மெஸ்பேர்கர் எழுதிய இந்தத் துவக்கி, தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். இடையில் நின்றுவிட்டால், எத்தனை எழுத்து வந்தது என்பதைக்கொண்டு எந்தக் கட்டத்தில் பிழை என்று அறியலாம்.

இங்கே 'படிமம்' என்ற சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வட்டில் உள்ள கோப்புகளை மட்டும் பிரதி எடுத்தால் அது படிமம் ஆகாது. வட்டின் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை இருப்பதை இருந்தபடியே ஒரே கோப்பாக்கினால் அதுதான் படிமம். 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றின் படிமம் சரியாக 14,74,560 பைட். அதைச் சும்மா இழுத்து நெகிழ்வட்டில் போட்டால் கணனி தொடங்காது. வட்டின் துண்டுகளுக்கே நேராக எழுத வேண்டும். டொஸ் கணனிகளில் அந்த வேலையைச் செய்தது 'ரோரைட்' என்ற சிறு நிரல். இன்றும் ஐஎஸ்ஓ கோப்பை யூஎஸ்பிக்குள் சாதாரணமாகப் பிரதிசெய்துவிட்டு "வேலை செய்யுதில்லை" என்று வருகிறவர்கள், 1992இல் பலர் விட்ட அதே பிழையைத்தான் விடுகிறார்கள்.

வட்டு மூட்டைகள்

1992 தொடக்கத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. லினக்ஸைப் பிரதிசெய்து கொடுப்பதற்குக் காசு வாங்கக்கூடாது என்று டோர்வால்ட்ஸ் முதலில் விதித்திருந்தார். அதைக் கைவிட்டு ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பெறுகிறவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும், மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். இதன்பின் வட்டும் தபாலும் வாங்கும் செலவை எடுத்துக்கொண்டு லினக்ஸைப் பரப்ப வழி திறந்தது.

1992 பெப்ரவரியில் மன்செஸ்டர் கணனி மையத்தில் ஓவன் லெ பிளாங்க் ஒரு தொகுப்பை வெளியிட்டார். நிறுவலை ஓரளவு இலகுவாக்கிய முதல் தொகுப்புகளில் அது ஒன்று. அதே ஆண்டில் பீட்டர் மக்டொனால்டின் எஸ்எல்எஸ் வந்தது. அதில் பிழைகள் நிறைய. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மூர்ஹெட் பல்கலைக்கழக மாணவராக இருந்த பட்ரிக் வோல்கர்டிங், ஒரு பாடத்துக்கு லிஸ்ப் மொழி தேவைப்பட்டதால் எஸ்எல்எஸ்ஸைப் போட்டுப் பார்த்தார். போகப் போகப் பிழைகளைத் திருத்தினார். அந்தத் திருத்தங்கள் சேர்ந்து 1993 ஜூலையில் 'ஸ்லக்வெயார்' ஆக வெளிவந்தன. அடுத்த மாதமே இயன் மேர்டொக் டெபியனை அறிவித்தார். இந்த இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

முதல் ஸ்லக்வெயார் 24 நெகிழ்வட்டுப் படிமங்கள். 1994 ஒக்டோபரில் வந்த 2.1 பதிப்பு 73 படிமங்கள். 14.4 கிலோபிட் மோடத்தில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடினாலும் ஒரு படிமத்துக்கு ஏறத்தாழ 14 நிமிடம். 73 படிமங்களுக்குப் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல். ஜேர்மனியில் அப்போது தொலைபேசிக்கு நேரக் கணக்கில் காசு. அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், ஊருக்குப் பேசும்போது கையில் மணிக்கூடு வைத்துக்கொண்டு பேசிய காலம் அது.

இறக்கியதோடு முடியவில்லை. அத்தனையையும் நெகிழ்வட்டுகளில் எழுத வேண்டும். ஒரு வட்டு பழுதானாலும் நிறுவல் நடுவழியில் நின்றுவிடும். ஐம்பது வட்டு போய் ஐம்பத்தொன்றாவது வாசிக்கவில்லை என்றால் எப்படியிருக்கும்!

வன்தட்டே உதவிக்கு வருகிறது

இந்த இடத்தில்தான் நம் தம்பியின் கேள்விக்குப் பதில் வருகிறது. ஸ்லக்வெயாரின் நிறுவல் நிரல், "மூலக் கோப்புகள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்கும். அதற்கான பதில்களில் ஒன்று, வன்தட்டின் ஒரு பிரிவு. டொஸ் இருக்கும் பிரிவில் ஒரு கோப்புறை திறந்து, இறக்கியவற்றையெல்லாம் அதில் போட்டுவிடலாம். பிறகு துவக்க வட்டு, மூல வட்டு என்ற இரண்டே நெகிழ்வட்டுகள் போதும். அந்த இரண்டும் கணனியைத் தொடக்கி வைக்கும், மற்றவை வன்தட்டின் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு ஏறும்.

அந்த இரண்டும் கூட வேண்டாம் என்று செய்தது 'லோட்லின்'. ஹான்ஸ் லேர்மன் எழுதிய இந்த நிரல் டொஸ்ஸுக்குள்ளேயே ஓடும். லினக்ஸ் கேர்னலை நினைவகத்துக்குள் இழுத்து வைத்து, டொஸ்ஸை ஒதுக்கிவிட்டுக் கணனியை லினக்ஸின் கையில் கொடுத்துவிடும். பழைய இயங்குதளமே புதியதை வாசல்வரை அழைத்து வந்து விட்டுப் போகிறது.

இதன் இரகசியம் நினைவகம். கேர்னலோடு ஒரு சிறு கோப்புத் தொகுதியும் நினைவகத்துக்குள் ஏற்றப்படும். அதற்குள் வட்டைப் பிரிக்க, வாசிக்க, எழுதத் தேவையான கருவிகள் எல்லாம் இருக்கும். அவை நினைவகத்திலேயே ஓடுவதால் வன்தட்டு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் வட்டின் ஒரு பிரிவிலிருந்து எடுத்து மற்றப் பிரிவில் எழுதலாம். "அதிலிருந்தே அதுக்குள்ளே" எப்படி என்றால் இப்படித்தான் தம்பி!

ஒரேயொரு கட்டுப்பாடு உண்டு. படிமம் இருக்கும் பிரிவை நிறுவல் நடக்கும்போது அழிக்கக்கூடாது. இருக்கிற கொப்பை வெட்டுகிற கதையாகிவிடும்.

நான் அழித்த படங்கள்

இறுவட்டுகள் பரவிய பிறகு நெகிழ்வட்டு மூட்டைகள் மறைந்தன. 1992 டிசெம்பரிலேயே இக்ட்ராசில் என்ற லினக்ஸ் இறுவட்டில் வந்துவிட்டது. 1995இல் எல் டொரிட்டோ என்ற நியமம் வந்து, இறுவட்டிலிருந்தே கணனியைத் தொடங்கும் முறை பொதுவானது. ஒரு இறுவட்டின் முழுப் படிமத்தையே 'ஐஎஸ்ஓ' என்கிறோம். இறுவட்டுக் கோப்பு ஒழுங்குக்கான ஐஎஸ்ஓ 9660 என்ற நியமத்திலிருந்து வந்த பெயர் அது.

ஆனால் இறுவட்டு எழுதும் கருவி எல்லார் வீட்டிலும் இல்லை. 2003இல் என்னிடமும் இல்லை. அந்த ஆண்டு வந்த ரெட் ஹட் 9க்கு மூன்று நிறுவல் இறுவட்டுகள். நண்பன் ஒருவன் வேலைத்தலத்தில் மூன்று ஐஎஸ்ஓ கோப்புகளையும் இறக்கி, தன் வன்தட்டைக் கழற்றிக்கொண்டு வந்து தந்தான். அவற்றை என் கணனியின் ஒரு பிரிவில் போட்டேன். ஒரேயொரு நெகிழ்வட்டால் கணனியைத் தொடங்கினேன். நிறுவல் நிரல் ஐஎஸ்ஓ கோப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றை எழுதிய இறுவட்டுகள் போலவே திறந்து வாசிக்கத் தொடங்கியது. எனக்குப் பெரிய புளுகம்.

வட்டைப் பிரிக்கும் கட்டம் வந்தது. தேவையில்லாத பிரிவுகளை நீக்கத் தொடங்கினேன். ஐஎஸ்ஓ இருந்த பிரிவில் கைவைத்தபோது, நிறுவலுக்கு வேண்டிய தரவு இதில் இருக்கிறது, நீக்க முடியாது என்று நிரல் மறித்தது. கெட்டிக்கார நிரல் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிரிவை நீக்கினேன். அதற்கு அது ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிரிவில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை மின்னஞ்சலில் அனுப்பியிருந்த படங்கள் இருந்தன. சமாதானப் பேச்சுக்காலத்தில் எடுத்த, அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள். நான் போக முடியாமல் போன பிறந்தநாள்.

நிரலில் பிழையில்லை. தனக்குத் தேவையானது எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தேவையானது எது என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தங்கையிடம் சில படங்கள் மிச்சமிருந்தன. அப்பா கேக் வெட்டும் படம் மட்டும் கிடைக்கவேயில்லை.

இறுவட்டுக்குப் பின்

ஜேர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னொப்பர் 2000ஆம் ஆண்டு 'க்னொப்பிக்ஸ்' வெளியிட்டார். வன்தட்டில் எதையும் எழுதாமல் இறுவட்டிலிருந்தே முழு லினக்ஸும் ஓடும். 700 மெகாபைட் இறுவட்டில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் அளவான மென்பொருளைச் சுருக்கி அடைத்திருந்தார். அந்த ஐஎஸ்ஓ கோப்பை வன்தட்டில் போட்டு அங்கிருந்தே தொடக்கவும் முடிந்தது. அந்த முறைக்குப் பாவனையாளர்கள் 'ஏழையின் நிறுவல்' என்று பெயர் வைத்தார்கள்.

2004இல் வந்த உபுண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இறுவட்டுகளைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. 2011 வரை அது நடந்தது. 2008 ஏப்ரலில் வந்த உபுண்டு 8.04, 'வூபி' என்ற வசதியைக் கொடுத்தது. விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதையே வன்தட்டாகப் பாவித்து உபுண்டுவை அதற்குள் நிறுவும். வட்டைப் பிரிக்கவே வேண்டாம். பிடிக்காவிட்டால் சாதாரண மென்பொருள் போல நீக்கலாம். 2013இல் அது கைவிடப்பட்டது.

டெபியன் இன்றும் வன்தட்டு நிறுவலுக்கென்றே ஒரு கேர்னலையும் நினைவகத் தொகுதியையும் தனியாகத் தருகிறது. அவற்றைத் தொடங்கினால், வட்டில் ஐஎஸ்ஓ கோப்பு எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடிக்கும். இன்னொரு செய்தி: 2007இல் டெபியன் 4.0 வரைகலை நிறுவல் திரையைக் கொண்டுவந்தபோது, எழுத்துத் திரையில் காட்ட முடியாத மொழிகளுக்கும் இடம் கிடைத்தது. அவற்றில் ஒன்று தமிழ். வட்டைப் பிரிப்பது முதல் கடவுச்சொல் வைப்பது வரை எல்லாக் கேள்விகளையும் தமிழில் வாசித்துப் பதில் சொல்லலாம். யாரோ சிலர் கூலியில்லாமல் உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்ததன் பலன் அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்த சிலர், இறக்குவோரைத் திருட்டு வாசல் வைத்த ஐஎஸ்ஓ ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒருநாளுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் ஐஎஸ்ஓவோடு ஒரு நீண்ட சரிபார்ப்பு எண்ணும் கையொப்பமும் தருகிறார்கள். உறைமோர் கெட்டிருந்தால் பால் முழுவதும் கெடும். ஐந்து நிமிடம் செலவழித்துச் சரிபாருங்கள்.

அக்காவின் மடிக்கணனி

அடுத்த சனிக்கிழமை தம்பியும் நானும் மண்டபத்தின் பின்னறையில் இருந்தோம். இன்றைய உபுண்டு ஐஎஸ்ஓ 5 ஜிகாபைட்டுக்கு மேல். நெகிழ்வட்டுக் கணக்கில் 3,000க்கும் அதிகம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

விண்டோஸ் பிரிவைச் சுருக்கி இடம் எடுத்தோம். அந்த இடத்தில் ஐஎஸ்ஓவுக்கு ஒரு சிறு பிரிவு, லினக்ஸுக்கு ஒரு பெரிய பிரிவு. விண்டோஸுக்குள் இருந்தபடியே 'க்ரப்' என்ற துவக்கியை எழுதி, ஐஎஸ்ஓ கோப்பை ஒரு வட்டாகவே எண்ணித் திறக்கும்படி சில வரிகளைச் சேர்த்தோம். மறுபடி தொடக்கியபோது திரையில் புதிய பட்டியல் வந்தது. தம்பி அதைத் தெரிவுசெய்தான். கருந்திரையில் வரிகள் ஓடி, கடைசியில் உபுண்டு வந்து நின்றது.

"நிறுவு" என்பதை அழுத்தப் போனவனின் கையைப் பிடித்தேன். "பொறு. அக்கான்ர கோப்புகள் எங்க?"

"விண்டோஸிலதான் அண்ணா. அந்தப் பிரிவைத் தொடமாட்டன்தானே?"

"தொடமாட்டாய்தான். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

நிறுத்தினோம். மறுபடி விண்டோஸுக்குள் போய், அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எது எது வேண்டுமென்று கேட்டு, எல்லாவற்றையும் இணையம் வழியாக வேறொரு கணனிக்கு எடுத்து வைத்தோம். அதற்கு ஒன்றரை மணித்தியாலம் போனது. நிறுவலுக்கு இருபது நிமிடம்தான் எடுத்தது.

இப்போது அந்தக் கணனியில் அக்கா தன் தொழிற்கல்விப் பாடங்களைச் செய்கிறாள். ஐஎஸ்ஓ இருந்த சிறு பிரிவை அழிக்கட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என்றாவது பழுதுபட்டால் அங்கிருந்தே திரும்பவும் போடலாம். ஒரு கரண்டி தயிரை மறுநாளைக்கு எடுத்து வைப்பது போலத்தான்.

உங்கள் வீட்டு மூலையிலும் இப்படி ஒரு கணனி கிடந்தால், எறிவதற்கு முன் வாலிபர் கூடுகைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போது அதிலுள்ள படங்களை வேறோர் இடத்தில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.